மயிலாப்பூருக்கு எத்தனை மாத்திரை?

மருந்துக்கடைச் சமாசாரம் இல்லை. தமிழய்யா கேட்கிற கேள்வி. ம, யி இரண்டும் குறில்: ஒவ்வொரு மாத்திரை. லா, பூ நெடில்: இரண்டிரண்டு. ப், ர் புள்ளி வைத்த மெய்: அரையரை. கூட்டினால் ஏழு.

மிருதங்க வாத்தியார் ஆறு என்பார். தொடையில் தட்டிக்கொண்டே ம-யி-லாப்-பூர் என்று சொல்லிப் பாருங்கள். ‘தக தோம் தோம்’ என்று விழும். ப், ர் இரண்டும் முன்னால் நிற்கும் நெடிலுக்குள் ஒண்டிக்கொள்கின்றன, தனி இடம் கேட்பதில்லை.

மாத்திரைக்குத் தொல்காப்பியர் தரும் அளவு கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். எழுத்து எந்தச் சொல்லில் போய் உட்கார்ந்தாலும் குறிலுக்கு ஒன்றுதான். இசையில் அப்படி இல்லை. ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆக 32. திஸ்ரம் என்றால் 24, கண்டம் என்றால் 40. தட்டுகிற கையின் வேகம் மாறவே இல்லை. உள்ளே மாத்திரைதான் நீள்கிறது, குறுகுகிறது. ‘தகதிமி’ விழுந்த அதே இடத்தில் ‘தகதகிட’ நெருக்கியடித்து ஏறிக்கொள்கிறது, 5பி பஸ் மாதிரி.

கபாலீசுவரர் கோயிலில் ஓதுவார் பாடும்போது கவனியுங்கள். வரி ‘ம்’ என்று முடிந்தால் உதட்டை மூடிக்கொண்டு அந்த மெய்யை இழுப்பார். இலக்கணப்படி அதற்கு அரை மாத்திரைக்கு மேல் உரிமை இல்லை. பிழையா? இல்லை. நூன்மரபு இயலின் கடைசிச் சூத்திரத்தில் தொல்காப்பியரே இதற்கு வழி விட்டிருக்கிறார்: உயிர் அளவு கடப்பதும் மெய் நீள்வதும் உண்டு, அது யாழ் நூல்காரர் சங்கதி என்று. இவ்வளவு சுருக்கமாக எல்லைக்கல் நட்ட இலக்கணக்காரரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

மனிதர்களுக்குத்தான் அந்த எல்லை கடினம். 1870-களின் தொடக்கத்தில் மாயூரத்தில் உ.வே.சாமிநாதையர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் பயின்றார். தமிழாசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. பாட்டில் இறங்கினால் இலக்கணத்தில் புத்தி செல்லாது என்று கருதினார். மாணவர் சங்கீதத்தை விட்டார். இன்று பெசன்ட் நகரில் அவர் பெயரால் நூலகம் நிற்கிறது. யாழும் பண்ணும் தாளமுமாக நிறைந்த சிலப்பதிகாரத்தை 1892-இல் அச்சேற்றியதும் அவர்தான்.