கோட்டார்டு குகைவழி

ஐரோப்பாவின் நடுவே, இத்தாலியை வடபுல நாடுகளினின்றும் பிரித்து, ஆல்ப்ஸ் மலைத்தொடர் ஒரு பெரும் மதிலென நிற்கின்றது. அம்மதிலைக் கடக்க உதவும் கணவாய்களுள் ஒன்று கோட்டார்டு. சுவிட்சர்லாந்து நாட்டைச் சார்ந்த இக்கணவாய் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. பன்னூறு ஆண்டுகளாக வணிகர் கோவேறு கழுதைகளின் மேல் பண்டங்களை ஏற்றிக்கொண்டு இவ்வழியே சென்று வந்தனர். பனிக்காலத்தில் அவர்தம் நிலை இரங்கத்தக்கது. பனிச்சரிவில் அகப்பட்டு மாண்டோர் பலர்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா எங்கும் இருப்புப்பாதைகள் பரவின. கோட்டார்டு வழியாகவும் பாதை அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. சுவிட்சர்லாந்து, இத்தாலி, செர்மனி ஆகிய மூன்று நாடுகளும் பொருளுதவி செய்ய இசைந்தன. 1872இல் பணி தொடங்கியது.

மலைமேல் சாலை அமைப்பது வேறு. இருப்புப்பாதை அமைப்பது வேறு. வழவழப்பான எஃகுத் தண்டவாளத்தின்மீது வழவழப்பான எஃகுச் சக்கரம் உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. சமதரையில் இது பெருநன்மை. சிறிய விசையால் பெரிய பாரத்தை இழுத்துச் செல்லலாம். சரிவிலோ இதுவே இடையூறாகின்றது. சக்கரம் பற்றுக்கோடின்றி நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கும். நீலகிரியில் கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை செல்லும் பாதையில், பன்னிரண்டு அடிக்கு ஓரடி வீதம் ஏற்றம் உண்டு. ஆகவே தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்து, வண்டியின் பற்சக்கரம் அதனைக் கவ்வி ஏறுமாறு செய்துள்ளனர். ஆனால் அவ்வண்டி மெல்லவே ஊரும். நாடுகளுக்கிடையே கனத்த சரக்கு வண்டிகள் விரைந்து செல்லவேண்டிய கோட்டார்டுப் பாதைக்கு அம்முறை ஏற்றதன்று. எனவே ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 27 அடிக்கு மேல் ஏற்றம் அமையாதவாறு பாதையை வகுத்தனர்.

பள்ளத்தாக்கோ அதனினும் செங்குத்தாக உயர்ந்து சென்றது. பாதையின் நீளத்தைக் கூட்டினாலன்றி உயரத்தை எட்ட இயலாது. இதற்குப் பொறியியல் வல்லுநர் கண்ட வழி வியப்புக்குரியது. பாதையை மலையின் வயிற்றினுள் நுழைத்து, வட்டமாகச் சுற்றி ஏறச்செய்து, நுழைந்த வாயிலுக்கு மேலே வெளிக்கொணர்ந்தனர். வாசன் என்னும் சிற்றூரின் தேவாலயத்தை அப்பாதையில் செல்வோர் மும்முறை காண்பர். முதலில் அது தலைக்கு மேலே தோன்றும். பின்னர் நேர் எதிரே நிற்கும். இறுதியில் காலடிக்குக் கீழே தெரியும்.

இவ்வாறு ஏறிய பின்னும் கணவாயின் உச்சி ஆயிரம் மீட்டர் உயரத்தில் எஞ்சி நின்றது. அதனை ஏறிக் கடத்தல் இயலாதாகையால், வடக்கே கோஷனன் என்னும் ஊரிலிருந்தும் தெற்கே ஐரோலோவிலிருந்தும் ஒரே காலத்தில் மலையைக் குடையத் தொடங்கினர். குகைவழியின் நீளம் 15 கிலோமீட்டர். இப்பணியை ஏற்றவர் லூயி ஃபாவர் என்பவர். இவர் இளமையில் தச்சுத்தொழில் பயின்றவர். எட்டு ஆண்டுகளில் முடித்துத் தருவதாக ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். ஒவ்வொரு நாள் தாமதத்திற்கும் 5,000 பிராங்குத் தண்டம் என்பதும் அவ்வொப்பந்தத்தில் இருந்தது. மலையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒருவரும் கண்டறியாத நிலையில் அவர் அதற்கு இசைந்தது துணிவே. அறிவுடைமை ஆகுமா என்பது ஐயத்திற்குரியது.

குகையினுள் நீராவிப் பொறியை இயக்கினால் புகை சூழ்ந்து மூச்சு முட்டும். ஆகையால் வாயிலருகே ஆற்று நீரின் வேகத்தால் பொறிகளைச் சுழற்றிக் காற்றை அழுத்தினர். அழுத்தப்பட்ட காற்று குழாய்வழி உள்ளே சென்று துளைக்கருவிகளை இயக்கியது. வேலை முடிந்து வெளிப்பட்ட காற்றே தொழிலாளர் உயிர்ப்பதற்கும் உதவியது. பாறையில் துளையிட்டு, அந்நாளில் புதிதாக வந்திருந்த டைனமைட்டு என்னும் வெடிபொருளை வைத்துத் தகர்த்தனர். முதலில் மேற்புறத்தில் ஒரு சிறு வழியைக் குடைந்து முன்னேறினர். பின்னர் அதனைக் கீழும் பக்கங்களிலும் அகலப்படுத்திக் கல் கட்டினர்.

மலை எளிதில் வழிவிடவில்லை. ஐரோலோப் பக்கத்தில் நீர் பீறிட்டு வந்தது. வடபுறத்தில் ஓரிடத்தில் பாறை களிமண்போல் இளகிக் கட்டிய சுவர்களை நெரித்து உடைத்தது. ஆழம் செல்லச்செல்ல வெப்பம் 30 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்டது. தொழிலாளருள் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள். வெடிப்புகை மிகுந்த இடத்தில் வேலை செய்ய இயலாது என்று 1875இல் கோஷனனில் வேலையை நிறுத்தினர். படையினர் சுட்டதில் நால்வர் இறந்தனர். இதுவன்றி, பலர் உடல் வெளிறி நலிந்தனர். 1880இல் மருத்துவர் ஆராய்ந்து, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும் கொக்கிப்புழுவே காரணம் எனக் கண்டனர். கழிப்பிட வசதியற்ற, வெப்பமும் ஈரமும் நிறைந்த குகை அப்புழுவுக்கு ஏற்ற இடமாயிருந்தது. விபத்துகளில் இறந்தோர் மட்டும் ஏறக்குறைய 200 பேர். நோயுடன் ஊர் திரும்பிப் பின்னர் மாண்டோர் அக்கணக்கில் சேரவில்லை.

1879 சூலை மாதத்தில், குகையினுள் பணியைப் பார்வையிட்டு வந்த ஃபாவர் அங்கேயே சாய்ந்து உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் இருபுறத்துக் குகைகளும் சந்தித்தன. மலைமுகடுகளின்மேல் கோணங்களை அளந்து, கணக்கை மட்டுமே நம்பி இருளில் குடைந்து வந்த இரு வழிகளுக்கும் பக்கவாட்டில் 33 சென்டிமீட்டரும் உயரத்தில் 5 சென்டிமீட்டருமே வேறுபாடு இருந்தது. முதற்றுளை விழுந்தவுடன் அதன் வழியே முதலில் அனுப்பப்பட்டது ஃபாவரின் உருவப்படம்.

1882இல் பாதை முழுவதும் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே வின்சென்சோ வேலா என்னும் சிற்பி, மாண்ட தோழனைத் தொழிலாளர் சுமந்து செல்லும் காட்சியைப் புடைப்புச் சிற்பமாக வடித்தார். அதன் வெண்கல வார்ப்பு 1932இல் ஐரோலோ நிலையத்தருகே நிறுவப்பட்டது. மலையின் அடிவாரத்திலேயே குடையப்பட்ட 57 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய குகைவழி 2016இல் திறக்கப்பட்டபின், விரைவு வண்டிகள் பெரும்பாலும் அதன் வழியே செல்கின்றன. வாசன் தேவாலயத்தை மும்முறை காண விரும்புவோர் பழைய பாதையில் செல்கின்றனர்.