அந்த ஒரு ரீல் மட்டும் மாறியிருந்தால்… தெரியுமா?

‘சிவாஜி’ என்ற பெயர் எம்.ஜி.ஆருக்குப் போயிருக்க வேண்டியது, தெரியுமா? அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடிக்க முதலில் பேசப்பட்டவர் எம்.ஜி.ஆர்.தான். அவர் விலகிக்கொண்டார். அந்த வேடத்தைக் கட்டியவர் விழுப்புரம் சின்னையா கணேசன் என்ற ஒல்லிப் பையன். நாடகத்தைப் பார்த்த பெரியார், “இனி இவர் சிவாஜி கணேசன்” என்று சொல்லிவிட்டார். எம்.ஜி.ஆர். அன்று சரி என்று தலையாட்டியிருந்தால்? சிவாஜி ராமச்சந்திரன்! சொல்லிப் பாருங்கள், நாக்கே மறுக்கிறது.

அதோடு முடிந்ததா? ‘பராசக்தி’ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, இந்தப் பையன் வேண்டாம், கே.ஆர்.ராமசாமியைப் போடலாம் என்று ஏ.வி.எம். மெய்யப்பச் செட்டியார் பக்கம் பேச்சு எழுந்தது. கூட்டுத் தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் முதலியார் ஒரே பிடியாக நின்றார்: கணேசன்தான் நாயகன். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. பெருமாள் முதலியார் கொஞ்சம் அசைந்திருந்தால், பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்து போன அந்தப் பையன் நாடகக் கொட்டகைக்கே திரும்பியிருப்பார். அப்போது நம்ம கள்ளக்குறிச்சி, விழுப்புரம் எல்லாம் ஒரே ஜில்லாதான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதே 2019-ல்.

‘அது மட்டும் நடந்திருந்தால்’ என்ற இந்த விளையாட்டுக்கு மேல்நாட்டில் மாற்று வரலாறு என்று பெயர் வைத்து, புத்தகமும் தொடருமாகக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம்ம ஊர்ப்பக்கக் களமருதூரில் ஒரு டீ ஆறுவதற்குள் நாலு மாற்று வரலாறு பேசி முடித்துவிடுவார்கள். தமிழ் சினிமாவே 2001-ல் இதை வைத்து ஒரு படம் எடுத்தது. ஜீவா இயக்கிய ‘12பி’யில் பஸ்ஸைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, தவறவிட்டால் இன்னொரு வாழ்க்கை.

இப்போது நம்ம ஊர்ப்பக்கத்துக்கே வருவோம். ‘பொன்னியின் செல்வன்’ கதையில் ஆதித்த கரிகாலனுக்கும் அருள்மொழிக்கும் தாய்வழிப் பாட்டன் யார், தெரியுமா? திருக்கோவிலூர் மலையமான்! கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் அதே திருக்கோவிலூர். 2022-ல் மணிரத்னம் படமெடுத்தபோது அந்தக் கிழவராக வந்தவர் மலையாள நடிகர் லால். ஆனால் அதற்கு அறுபது ஆண்டு முன்பே நம் மலையமான் திரைக்கு வந்திருக்க வேண்டியவர். 1958-ல் எம்.ஜி.ஆர். கல்கியின் நாவலுக்குப் பட உரிமை வாங்கினார். தானே இயக்குவதாக விளம்பரமும் வந்தது. படப்பிடிப்பு தொடங்குமுன் அவருக்கு ஒரு விபத்து. காயம் ஆற மாதக்கணக்கானது. நான்கு ஆண்டு கழித்து உரிமையைப் புதுப்பித்தும் படம் எழவில்லை.

எழாத அந்தப் படம் சும்மா கிடந்ததா என்றால், இல்லை! நாவலைத் திரைக்கதையாக்க எம்.ஜி.ஆர். பிடித்து வைத்த இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் மகேந்திரன். ஆம், பின்னாளில் ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ எடுத்த அதே மகேந்திரன். ராஜா ராணிக் கதையில் கைபழகியவர், தமிழில் பேச்சே குறைந்த படங்களை எடுத்தார். எம்.ஜி.ஆரின் ‘பொன்னியின் செல்வன்’ வந்திருந்தால் நமக்கு ஒரு பிரம்மாண்டம் கிடைத்திருக்கும். மகேந்திரன் கிடைத்திருப்பாரா? என்னைக் கேட்டால், வராத படத்துக்கு ஒரு கும்பிடு போடுவேன்.

கல்வராயன் மலையின் ஒரு பக்கம் நம்முடையது, மறுபக்கம் சேலம் மாவட்டம். அந்தச் சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸில் படம் இயக்கியவர்களில் ஓர் அமெரிக்கர் உண்டு, தெரியுமா? எல்லிஸ் ஆர்.டங்கன். தமிழ் ஒரு சொல் தெரியாது. கூடப் படித்த மாணிக்லால் டாண்டன் கூப்பிட்டார் என்று 1935-ல் வந்தார். ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று கப்பலேறியவர் பதினைந்து வருடம் இருந்துவிட்டார்! 1936-ல் அவர் எடுத்த ‘சதி லீலாவதி’தான் எம்.ஜி.ஆரின் முதல் படம். கதை எஸ்.எஸ்.வாசனுடையது. சேலத்தில் அவர் தொடங்கி 1950-ல் வெளியான ‘மந்திரி குமாரி’க்கு வசனம் மு.கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். பின்னாளின் இரண்டு முதலமைச்சர்களை ஒரே படத்தில் வைத்து வேலை வாங்கிய மனிதர், சொன்னபடி ஆறாவது மாதமே ஊர் திரும்பியிருந்தால்? கோட்டையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதே குழம்பிப்போகிறது.

அதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-ல் ஒரு ஹாலிவுட் கம்பெனியோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தது. தமிழில் ‘காடு’. கதையில் கம்பளி யானை, அதாவது ஆயிரக்கணக்கான ஆண்டுக்கு முன் அழிந்துபோன மாமூத் வரவேண்டும். என்ன செய்தார்கள், தெரியுமா? நம்ம ஊர் யானைகளுக்கே சடைசடையாக முடி வைத்த உறையைப் போர்த்தி நடக்கவிட்டார்கள்! அந்த வெயிலில் அந்த யானைகள் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. படம் உலகமெங்கும் ஓடு ஓடென்று ஓடியிருந்தால் ஹாலிவுட்டுக்குச் சேலத்தில் ஒரு கிளை இருந்திருக்கும். கல்வராயன் மலையடிவாரத்துப் பிள்ளைகள் வாரம் ஒரு கௌபாயைப் பார்த்திருப்பார்கள்.

‘மருதநாயகம்’ கதை எல்லோருக்கும் தெரியும். 1997 அக்டோபரில் இங்கிலாந்து ராணி எலிசபெத்தே வந்து பூஜை பார்த்த கமல் படம். பணம் நின்றது, படமும் நின்றது. ஆனால் நம்ம ஊர்ப்பக்கத்துத் தியாகதுருகம் மலைக்கோட்டை நினைவிருக்கிறதா? மருதநாயகம் என்ற யூசுப் கான் வாழ்ந்த அதே காலத்தில், பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கைமாற்றி அடித்துக்கொண்ட கோட்டை அது. நடுவில் ஐதர் அலி படையும் வந்து உட்கார்ந்தது. 1761-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. படம் மட்டும் நடந்திருந்தால் கமல் குதிரையேற நம்ம துருகத்துக்கு வந்திருப்பார் என்று நான் சொல்வேன். ஆதாரம் கேட்காதீர்கள், ஆசைதான்.

தொலைக்காட்சிக் கதையைக் கேட்டால் தலை சுற்றும். 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருடம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக இந்தியாவில் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டி.வி. காட்டினார்கள். ‘சைட்’ திட்டம் என்று பெயர். ஆந்திரா உண்டு, கர்நாடகா உண்டு. தமிழ்நாடு இல்லை! பக்கத்து இலங்கையில், கொழும்பில், எழுத்தாளர் ஆர்தர் சி.கிளார்க் வீட்டுக்குக்கூட இந்தியப் பொறியாளர்கள் போய் டிஷ் வைத்துக் கொடுத்தார்கள். அதே வருடத்தில் கல்வராயன் மலை எப்படி இருந்தது, தெரியுமா? ஜாகீர்தார்கள் கையில்! 1976-ல்தான் அந்த ஆட்சி முடிந்தது. மேலே வானத்தில் செயற்கைக்கோள், கீழே மலையில் ஜாகீர். அந்த மலைமேலுள்ள வெள்ளிமலையில் அன்று ஒரு டிஷ் நட்டிருந்தால், அந்த மலைச்சனம் சினிமாக் கொட்டகையைப் பார்க்குமுன் விண்வெளியிலிருந்து இறங்கிய படத்தைப் பார்த்திருக்கும். 2006-ல் தொடங்கிய இலவசக் கலர் டி.வி.க்கு முப்பது வருடம் முந்தியிருப்பார்கள்.

அனிமேஷனா? 2011 ஏப்ரலில் ‘ராணா’ படத்துக்குப் பூஜை போட்ட அன்றே ரஜினிக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அதன் பிறகு வந்ததுதான் 2014-ன் ‘கோச்சடையான்’, ரஜினியின் அசைவைக் கம்ப்யூட்டரில் பிடித்த பொம்மைப்படம். அன்று உடம்பு ஒத்துழைத்திருந்தால் ரத்தமும் சதையுமாக ரஜினி. அவ்வளவுதான் இதில் சேதி.

வீடியோ கேமில் மட்டும் ‘நடந்திருந்தால்’ வேண்டாம், நடந்தேவிட்டது. ஒரு விளையாட்டில் சுடவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம், இட்லித் தட்டை ஒழுங்காக அடுக்கினால் போதும் என்றால் நம்புவீர்களா? 2023-ல் டொரன்டோவிலிருந்து வந்த ‘வெண்பா’ அப்படித்தான் தொடங்குகிறது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்துவிட்ட சமையல் நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. அழிந்த வரியை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அறிமுக விளையாட்டு விருது அதற்குத்தான்!

வராத படங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வந்தும் காணாமல் போனவற்றின் கணக்கு இன்னும் மோசம். மோட்டார் உதிரிபாக வியாபாரியான ஆர்.நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த ‘கீசக வதம்’, தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். இன்று ஒரு பிரதிகூட இல்லை. 1931 அக்டோபர் 31-ல் வெளியான ‘காளிதாஸ்’, முதல் தமிழ்ப் பேசும் படம். டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்ன விசித்திரம். பட்டணத்துக்கு வந்து இறங்கிய ரீல் பெட்டிக்கு ஜனங்கள் தேங்காய் உடைத்து, பூத்தூவி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். அந்தப் பெட்டியில் இருந்த ஒரு அடி பிலிம்கூட இன்று நம்மிடம் இல்லை! அந்த ராஜலட்சுமி எப்படிப் பேசினார், எப்படி ஆடினார் என்பதெல்லாம் நாம் ஊகித்துக்கொள்வதுதான்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உளுந்தூர்பேட்டை, சின்னசேலம், சங்கராபுரம் என்று நம்ம பக்கமெல்லாம் மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த டூரிங் கொட்டகைகள் மூடியாயிற்று. அவற்றை நடத்திய குடும்பங்களின் பரணில் துருப்பிடித்த தகரப் பெட்டியில் ரீல் கிடக்கலாம். இடைவேளையில் விற்ற பாட்டுப் புத்தகம் கிடக்கலாம். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியுமே, அதேதான். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ரீல் என்றால் புனேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் என்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: 1950-க்கு முந்தைய பிலிம் பெரும்பாலும் நைட்ரேட், சட்டென்று தீப்பிடிக்கும். பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் விளக்கோ பீடியோ வேண்டாம்.