எல்லைக் காவலும் சோதனை அதிகாரத்தின் வரம்பும்

துறையில் வந்திறங்கும் பொருளையும் ஆளையும் அரசு சோதித்தல் புதுவழக்கன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்திற் பொதிகள் புலி இலச்சினை பெற்றமையைப் பட்டினப்பாலை கூறும். ஆயின் அச்சோதனைக்கு உரிய இடம் துறையே. துறையைக் கடந்து ஊருள் நடப்பவனை மறித்து மூட்டையை அவிழ்ப்பதற்கு வேறொரு காரணம் வேண்டும். எல்லைக் காவலின் பெயரால் அரசு கொள்ளும் அதிகாரம் எங்கே முடிகின்றது என்னும் வினாவை ஆராய்தற்கு மன்னாரினும் ஏற்ற ஊர் இலங்கையில் இல்லை எனலாம்.

மன்னார்த் தீவு ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமுடையது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அவ்விரு துறைகளுக்குமிடையே 1914 முதல் கப்பல் ஓடிற்று. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்திலிருந்து வந்த கப்பலும் 1984 இல் நின்றுபோயிற்று. கப்பலில் வந்தோரைத் துறையிலேயே விசாரித்து முடிக்கலாம். தோணியில் வந்து இருளில் இறங்குவோரை எங்கே விசாரிப்பது? இக்கேள்வியே சோதனையை நாட்டினுள்ளே இழுத்து வந்தது.

1948 இல் குடியுரிமைச் சட்டமும் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் இயற்றப்பட்டன. 1952 இல், தென்னிந்தியாவிலிருந்து களவாய் வருவோரைத் தடுத்தற்கென, ‘மொண்டி நடவடிக்கை’ என்னும் பெயரில் இராணுவம் கடற்படைக்கும் பொலிசாருக்கும் துணையாக நிறுத்தப்பட்டது. 1963 இல் அது விரிவுற்றுத் தனிச் செயலணியாகி 1981 வரை நிலவிற்று. கடலிற் பிடித்தால் தோணியே சான்று. கரையிலோ அச்சான்று இல்லாமையால் ஆளின் பேச்சும் உடையும் சான்றாயின. ‘கள்ளத்தோணி’ என்பது ஒரு குற்றத்தின் பெயராயிருந்து ஒரு மக்கட் கூட்டத்தின் மேல் எறியப்படும் வசையானது இவ்வாறே. கடலையே காணாத தோட்டத் தொழிலாளியும் அச்சொல்லுக்கு ஆளானான்.

1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுக்கென வந்து 1982 இல் நிலைபெற்றது. அதன் 6 ஆம் பிரிவு, நீதவானின் ஆணையின்றியே வீட்டுட் புகவும் ஆளையும் வாகனத்தையும் மறித்துச் சோதிக்கவும் பொலிசாருக்கு இடமளித்தது. அத்துணைக் கடுமையான சட்டமும் ‘நியாயமான சந்தேகம்’ என்னும் சொல்லைக் கைவிடவில்லை என்பது கருதத்தக்கது. அச்சொல் கைவிடப்பட்ட இடம் சோதனைச் சாவடியாகும்.

2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களின் பின், தீவினுட் புகும் வழியில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டோருள் யானும் ஒருவன். கையிலிருந்தது தவணைப் பரீட்சை விடைத்தாட் கட்டு. அவிழ்க்கச் சொன்னார்கள், அவிழ்த்தேன். தாம்போதிக் காற்று நான்கு தாள்களைக் கொண்டுபோயிற்று. சோதித்த இளைஞரே ஓடி இரண்டைப் பொறுக்கித் தந்தார். அவர்மேற் குறையில்லை. ‘என்மேற் கொண்ட சந்தேகம் யாது?’ என்று கேட்டிருப்பின் அவரிடம் விடை இருந்திராது. எல்லாரையும் சோதிக்குமிடத்தில் அக்கேள்விக்கு இடமேது?

அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. எல்லையிலிருந்து 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீற்றர் வரை, வாகனங்களை ஆணையின்றிச் சோதிக்கலாம் என அங்கு விதி செய்திருந்தனர். மெக்சிக்கோ எல்லைக்கு 20 மைலுக்கு அப்பால் காரணமின்றி ஒரு காரைச் சோதித்தமை அரசியலமைப்புக்கு முரணானது என 1973 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எனினும் நிலையான சாவடிகளில் நிறுத்திச் சிறிது வினவலாம் என 1976 இல் அதே மன்றம் இசைந்தது. அந்த 100 மைலை இலங்கையில் இட்டுப் பார்ப்பின், தீவின் மிகப் பெரிய அகலமே ஏறத்தாழ 225 கிலோமீற்றராதலின், எல்லைக்குப் புறம்பான நிலம் ஒரு சாணும் மிஞ்சாது. ஆகவே தூரத்தை அளந்து வரம்பு கட்டுதல் நமக்கு உதவாது. ஆள்தோறும் காரணம் காட்டுதலே வரம்பாக வேண்டும் என்பது என் கருத்து.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நடமாடும் சுதந்திரத்தை 14 ஆம் உறுப்புரையில் வழங்கி, தேசிய பாதுகாப்பின் பொருட்டுச் சட்டத்தால் அதனைக் கட்டுப்படுத்தலாம் என 15 இல் கூறும். ‘சட்டத்தால்’ என்பதே உயிரான சொல். வவுனியா சிதம்பரபுரம் முகாமில் ‘பாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டின்றி வெளியேற விடாமை பற்றி 2002 இல் தொடரப்பட்ட வழக்கில், அது நடமாடும் உரிமையை மீறியதென உயர் நீதிமன்றம் கண்டது.

உரிமை மீறப்பட்டோர் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்பது 126 ஆம் உறுப்புரை. மன்றம் கொழும்பில் உள்ளது. கூடை கவிழ்க்கப்பட்ட பேசாலை மீன் வியாபாரி அங்குச் செல்லும் செலவு அவரது பல நாள் வருவாய். மறுநாட் காலையும் அவர் அதே சாவடியைக் கடந்தே சந்தைக்குப் போகவேண்டும்.