எஃகா, பாலிமரா?
அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றுக்கொண்ட கோல்ட் கைத்துப்பாக்கி எஃகால் ஆனது. தோட்டா நிரப்பாமலே ஒரு கிலோவைத் தாண்டும். 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்த கிளாக் 17 வெறுமையாக முக்கால் கிலோகூட வராது. காரணம், பாலிமர் உடற்சட்டம். அதை வடிவமைத்த காஸ்டன் கிளாக் அதற்குமுன் துப்பாக்கியே செய்ததில்லை. திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்தவர்! நாளெல்லாம் இடுப்பில் சுமக்கும் காவலருக்கு இந்த எடைக்குறைவு பெரிய நிம்மதி. இலக்குச் சுடுதலில் கதையே வேறு. கனத்த எஃகு, சுட்டதும் வரும் பின்னுதைப்பைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். குழல்முனை அதிகம் எழும்பாது, குறி சீக்கிரம் நிலைக்குத் திரும்பும். அதனால் போட்டியாளர் பலருக்கு இன்றும் எஃகுதான் பிரியம். ஆமாம், விமான நிலையச் சோதனையில் கிளாக் சிக்காது என்று அந்நாளில் கிளம்பிய பேச்சு? வெறும் புரளி. அதன் குழலும், மேலே சறுக்கும் பாகமும் அசல் எஃகு.