ஓடிய தூரமும் உற்ற புகழும்

"ஓடி ஓடி என்னத்தக் கண்டோம், அண்ணே?"

சென்ற விடுமுறையில் என் தம்பி கேட்ட கேள்வி இது. பிழைப்பை நாடிப் பாறசாலையில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. 1956-இல் மாநில எல்லை வகுத்தபோது கேரளத்தோடு நின்றுவிட்ட ஊர் அது. படையில் சேரும் ஆவலோடு, விடியுமுன் எழுந்து நெய்யாற்றின்கரைச் சாலையில் ஓடுகிறான் தம்பி. பார்ப்பவர் இல்லை, பாராட்டுபவரும் இல்லை. அவனுக்கு விடை தேடியபோது நான் கண்டெடுத்த பெயர் சிவநாத் சிங். மன்றத்து நண்பர்களே, இப்பெயரை உங்களுள் எத்தனை பேர் அறிவீர்கள்? நானும் அதுவரை அறியேன்!

மராத்தான் ஓட்டம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். 1908-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரமே 1921-இல் நிலையான அளவாயிற்று. எங்கள் ஊர்க் கணக்கில், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு இருமுறை போய்த் திரும்பி, மேலும் சிறிது ஓடவேண்டும்.

அப்போது உடலில் நிகழ்வது என்ன? தசைகளும் கல்லீரலும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கின்றன. அச்சேமிப்பு ஏறத்தாழ 2000 கிலோ கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட, சுமார் 60 கிலோ கலோரி செலவாகும். கொழுப்பும் ஓரளவு கைகொடுக்கும். ஆயினும் விரைந்து ஓடுபவருக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் கையிருப்பு வற்றத் தொடங்கும். கால்கள் கல்லாய்க் கனக்கும். எஞ்சிய 12 கிலோமீட்டரே உண்மைச் சோதனை! கொழுப்பை மிகுதியாக எரிக்கத் தசைகளைப் பழக்குவது நெடுநாள் பயிற்சி ஒன்றே, குறுக்குவழி கிடையாது.

சிவநாத் சிங் 1946-இல் பீகாரில் பிறந்தவர்; இராணுவத்தில் சேர்ந்தவர்; வெறுங்காலோடு ஓடிப் பெயர் பெற்றவர். 1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 5000 மீட்டரில் தங்கமும் 10000 மீட்டரில் வெள்ளியும் வென்றார். 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக் மராத்தானில் 11-ஆம் இடம் பெற்றார். 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தார். கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 8 விநாடி! பின்னர் 45 ஆண்டுகள் சென்றன. அக்காலம் முழுதும் அதனை முறியடித்த இந்தியர் ஒருவருமில்லை. வயநாட்டு வீரர் கோபி 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடினார்; அடுத்த ஆண்டே ஆசிய மராத்தான் பட்டமும் வென்றார். அவராலும் அந்த 2 மணி 12 நிமிடத்தை எட்ட முடியவில்லை.

இத்தகையவரின் பெயர் ஏன் ஊரெங்கும் பரவவில்லை? அவர் ஓடிய காலத்தில் தொலைக்காட்சி சில நகரங்களுக்கே உரியது. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் ஆரவாரம் உண்டு. மராத்தான் வீரனோ இரண்டு மணி நேரம் தனியே ஓடுகிறான். ஓய்வுக்குப் பின் பேச்சும் ஓய்ந்தது. 2003-இல் அவர் மறைந்தபோது கலங்கியவர் சிலரே.

தம்பிக்குக் கடிதம் எழுதினேன். 'ஓடு, புகழ் வரும்' என்று எழுத மனம் ஒப்பவில்லை; அது பொய்யாகிவிடலாம். "புகழ் பிறர் தருவது, தந்தவர் மறக்கவும் கூடும். ஓடிய நேரம் உன்னுடையது, அதைக் கடிகாரம் அறியும்" என்றே எழுதினேன்.

அவன் இன்றும் ஓடுகிறான். நண்பர்களே, நம் மன்றத்து விளையாட்டு விழாவில் சிவநாத் சிங்கின் பெயரை ஒருமுறையேனும் சொல்வோமா?