பார வண்டியும் செயற்கை மசகெண்ணெயும்

அச்சும் சக்கரமும் உள்ள இடமெல்லாம் மசகும் வேண்டப்படும். நம் முன்னோர் வைக்கோலைச் சுட்ட கரியை ஆமணக்கெண்ணெயிற் குழைத்து, வண்டி மை எனப் பெயரிட்டு, மூங்கிற் குழாயில் அடைத்து, மாட்டு வண்டியின் அடியிலே தொங்கவிட்டிருந்தனர். மை வற்றிய வண்டி ஊரெல்லை வருமுன்னரே ஓலமிடும், வண்டிக்காரர் இறங்கி மையிடுவார், காரியம் முடிந்தது. இக்காலத்து மோட்டார் வண்டியோ தன் எண்ணெய் கெட்டதென்று அவ்வாறு ஓலமிட்டு அறிவிப்பதில்லை. அது ஓலமிடுங் காலத்தில் எஞ்சின் பெரும்பாலும் பழுதுற்றிருக்கும். ஆகலின் இப்பொருளைச் சிறிது விரித்துரைக்கப் புகுகின்றோம்.

அணுவாற்றல் துறையினர்க்கென எழுந்த நகரியமாகிய அணுபுரத்தைச் சூழ்ந்த சாலைகளில் வைகறையில் நிற்பார், பிக்கப் எனப்படும் சிறு பார வண்டிகள் பல செல்லக் காண்பர். சதுரங்கப்பட்டினத்துக் கரையினின்று பனிக்கட்டியிட்ட மீன் பெட்டிகளும், உள்நாட்டினின்று காய்கறி மூட்டைகளும், குடிநீர்க் கேன்களும், கலியாணப் பந்தற் கால்களும் இவற்றிலேதான் போகின்றன. இவ்வண்டிகளிற் பலவற்றிற்கு உரிமையாளரே ஓட்டுநர்; வண்டி வாங்கியது தவணைக் கடனில். எஞ்சின் ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பிற் கிடந்தால் அவ்வாரத்து வருவாயும் இல்லை, தவணையும் நிற்பதில்லை. அத்தகையவர் ஆயில் மாற்றச் செல்லும்போது, “சாதாவா, சிந்தெடிக்கா?” என்று கடைக்காரர் வினவுகின்றார். பின்னது விலை மிக்கது. எதனைக் கொள்வது? மெக்கானிக் ஒன்று சொல்லக் கடைக்காரர் வேறொன்று சொல்வர். இருவரும் வண்டியின் கைப்புத்தகத்தைத் திறந்து பார்ப்பது அரிது.

எஞ்சினுள் எண்ணெய் ஆற்றும் தொழில் வழுவழுப்புத் தருவது மட்டுமன்று. சுழலும் தண்டிற்கும் அதனைத் தாங்கும் பேரிங்கிற்கும் இடையே, தண்டின் சுழற்சியாலேயே எண்ணெய் ஆப்பு வடிவாக இழுக்கப்பட்டு, தலைமயிரினும் மெல்லிய படலமாக நின்று, உலோகத்தோடு உலோகம் உராயாமற் காக்கின்றது. பிஸ்டனின் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு போவதும், கரியைத் தன்பாற் கரைத்து வைப்பதும், எரிபொருளிற் பிறக்கும் அமிலத்தை மாற்றுவதும் அதன் வேலைகளே. டர்போ உள்ள எஞ்சினில் இன்னுமொரு கடுந்தொழில் உண்டு. புகைவெப்பத்தாற் காய்ந்து, நிமிடத்திற்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல வல்ல அச்சினை மெல்லிய எண்ணெய்ப் படலமே தாங்குகின்றது.

இனிச் செயற்கை எண்ணெய் யாதெனக் காண்போம். மண்ணினின்று எடுத்த கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து, மெழுகு நீக்கிப் பெறுவது கனிம எண்ணெய். நம் மணலியில் 1965ஆம் ஆண்டு நிறுவப்பெற்று 1969இல் தொழிற்படத் தொடங்கிய சென்னைச் சுத்திகரிப்பு ஆலை, எரிபொருளோடு மசகெண்ணெய்க்குரிய மூலவெண்ணெயும் செய்த ஆலையாகும். வடித்தெடுக்கும் எண்ணெயில் பெரியவும் சிறியவுமாகிய பலவகை மூலக்கூறுகள் விரவிக் கிடக்கும். சிறியன வெப்பத்தில் ஆவியாகிப் பறக்கும். சில வகையின எளிதிற் காற்றோடு கூடிக் கசடாகும். இக்குறை நீங்க வேதியியலார் எத்திலீன் வாயுவினின்று ஒரே அளவினவாகிய மூலக்கூறுகளைக் கட்டியமைத்தனர். அதுவே பாலி ஆல்ஃபா ஓலிஃபின் எனப்படும் உண்மையான செயற்கை எண்ணெய். விமானங்களின் பொருட்டு முன்னரே வளர்ந்த இக்கலை, 1970களில் அமெரிக்க நாட்டுக் கார்களுக்கும் வந்தது. மொபில் 1 என்பது அங்கு 1974இல் விற்பனைக்கு வந்ததாம்.

நிற்க. இன்று கடையில் சிந்தெடிக் என்னும் பெயரோடு விற்பனவெல்லாம் இவ்வகையின அல்ல. கச்சா எண்ணெயின் பகுதியையே மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு கூட்டி, மூலக்கூறுகளை உடைத்துச் சீராக்கிப் பெறும் எண்ணெயும் உளது. அதற்கு மூன்றாம் தொகுதி என்று பெயர். இதனைச் செயற்கை எண்ணெய் எனலாமா என்று மொபில் நிறுவனத்தார் காஸ்ட்ரால் நிறுவனத்தார் மீது அமெரிக்க விளம்பர ஆய்வு மன்றத்தில் முறையிட, 1999இல் எனலாம் என்றே முடிவாயிற்று. (காஸ்ட்ரால் என்னும் பெயரோ கேஸ்டர் என்னும் ஆமணக்கினின்று பிறந்தது. முதல் உலகப் போரில் பறந்த சுழல் எஞ்சின் விமானங்கள் பலவும் ஆமணக்கெண்ணெயையே உண்டன. நம் வண்டிக்காரரின் மைக்குழாய்க்கும் அவ்விமானங்களுக்கும் உறவு நெருங்கியதே.) மூன்றாம் தொகுதி எண்ணெய் நல்லதே, ஆயினும் பெயரை மட்டும் நம்பி விலை கொடுத்தல் அறிவுடைமை அன்று.

கேனின் மேல் முதலிற் கண்ணிற் படுவது 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்றாற்போன்ற குறி. டபிள்யூ என்பது குளிர்காலத்தைச் சுட்டும். 15டபிள்யூ எண்ணெயைச் சுழியத்திற்கு 20 பாகை கீழும், 5டபிள்யூ எண்ணெயை 30 பாகை கீழும் குளிர்வித்து, எஞ்சின் அதனூடே சுழலக்கூடுமா என்று சோதிப்பர். லடாக்கிலே வாழ்வார்க்கு இவ்வெண் உயிர்நிலை போன்றது. செங்கற்பட்டுக் கடற்கரையிலோ மார்கழி விடியலிலும் வெப்பம் 15 பாகைக்குக் கீழ் இறங்குதல் அரிது. குளிரிலும் இளகியோடும் என்னும் விற்பனை மொழியால் நமக்குப் பெரும்பயன் இல்லை. பின்னெண்ணே நமக்குரியது. அது 100 பாகை வெப்பத்தில் எண்ணெயின் கெட்டித்தன்மையைக் காட்டும்: 30 என்பது 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரையும், 40 என்பது 12.5 முதல் 16.3 வரையும் ஆகும். கெட்டியான எண்ணெயே நல்லது என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியுள்ளது. புதிய எஞ்சின்களின் இடைவெளிகளும் எண்ணெய்ப் பம்பும் குறித்த ஓர் அளவிற்கென்றே அமைந்தவை; கைப்புத்தகம் 30 என்று கூறுமாயின் 50ஐ ஊற்றுதல் நன்மை செய்தல் அன்று.

இதனினும் முதன்மையானதும், பலராற் புறக்கணிக்கப்படுவதும், எண்ணெயின் தரவகையேயாம். 2017 ஏப்ரல் முதல் நாடெங்கும் வந்த பாரத் ஸ்டேஜ் 4 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை இருக்கலாம். 2020 ஏப்ரல் முதல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 அதனை 10 ஆக்கிற்று. அதனோடு, டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைத் தடுக்கும் டி.பி.எஃப். என்னும் வடிகட்டியும் பரவலாயிற்று. வடிகட்டியிற் சேரும் கரி, புகையின் வெப்பம் மிகுங்கால் எரிந்துபோகும். எண்ணெயிற் கலந்த கால்சியம், துத்தநாகம் முதலிய உலோகச் சேர்க்கைகள் எரிந்தால் எஞ்சும் சாம்பலோ எரிவதில்லை. அங்கேயே படிந்து, நாளடைவில் வடிகட்டியை அடைக்கும். அதனை மாற்றும் செலவு பல ஆயில் மாற்றங்களின் செலவை விழுங்கிவிடும்.

இதுபற்றியே 2016 டிசம்பரில் வந்த ஏ.பி.ஐ. சி.கே.-4 என்னும் தரம் சாம்பலை நூற்றுக்கு 1 பங்கிற்கு மேற்படாமலும், ஐரோப்பியரது ஏசியா சி-3 என்னும் தரம் 0.8க்கு மேற்படாமலும் வரையறுத்தன. பழைய சி.ஐ.-4 தரத்திற்கு அவ்வரையறை இல்லை. ஆதலின், முழுச் சிந்தெடிக் என்று பொன்னெழுத்திற் பொறித்த கேனாயினும், சாம்பல் மிக்க வகையாயின் அது பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிக்கு ஆகாது. மாறாக, செயற்கை அல்லாத எண்ணெயேயாயினும் கைப்புத்தகம் கூறும் தரமுடையதாயின் குற்றமில்லை. தரத்தை முன்னும், சிந்தெடிக் என்னும் சொல்லைப் பின்னும் வைத்து எண்ணுக என்பதே எம் கருத்து.

அங்ஙனமாயின் செயற்கை எண்ணெயால் யாது பயன் எனின், வெப்பத்தைத் தாங்குவதே. கத்திரி வெயிலிற் பாரம் ஏற்றி, டர்போ காய ஓடும் வண்டியில் அது எளிதிற் கசடாவதில்லை. ஆவியாய்க் குறைவதும் சிறிது. புதிய டீசல் வண்டிக்கு அதனை வாங்குதல் தகும். டர்போ இல்லாத பழைய வண்டிக்கோ, அதே பணத்திற்குச் சாதா எண்ணெயைக் காலந்தவறாது மாற்றுதலே மேல். பழைய எஞ்சினிற் புதிதாகச் செயற்கை எண்ணெய் ஊற்றின் சீல்களின் தேய்வு கசிவாக வெளிப்படுதலும் உண்டு. இருவகையும் ஒன்றோடொன்று கலத்தலால் எஞ்சின் கெடும் என்பது வீண் அச்சம். அவசரத்தில் ஒரே தரத்தின இரண்டைக் கலக்கலாம்.

பயன்படுத்தும் முறையில் நம் பக்கத்து வண்டிகட்கு ஓர் இடர் உண்டு. அணுபுரத்தினின்று கல்பாக்கம் போன்ற குறுந்தொலைவே நாளெல்லாம் ஓடி ஓடி நிற்கும் வண்டியில், மேற்கூறிய வடிகட்டியின் கரி எரிந்து முடிவதில்லை. அதனை எரிக்கக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசல், சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி எண்ணெயிற் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் எண்ணெயின் மட்டம் குறைந்தால் வருந்துவோர், அது கூடினால் மகிழ்கின்றனர்! கூடுதலே அபாயக் குறி. அவ்வப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருபது நிமிடமேனும் நில்லாது ஓட்டுதல் இதற்கு மருந்தாகும். குறுந்தொலைவு, புழுதி, பெரும்பாரம் ஆகியவற்றைக் கடுந்தொழில் என்று பல கைப்புத்தகங்களும் குறித்து, ஆயில் மாற்றும் தொலைவைக் குறைத்தே கூறுகின்றன. செயற்கை எண்ணெய் ஊற்றினோம் என்று அத்தொலைவைத் தாமே நீட்டிக்கொள்வார், மிச்சம் பிடித்த பணத்தை எஞ்சினுக்கே கட்டுவர்.

டீசல் எஞ்சினில் எண்ணெய் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்தல் இயல்பு. கரியைத் தன்பால் ஏந்தி நிற்றலின் கறுக்கின்றது. விரலிடை வைத்துத் தேய்த்துப் பார்ப்பதால் யாதும் அறிய முடியாது. பால்போல் வெளுத்தால் மட்டும் நீர் கலந்தது என்று ஐயுற்று உடனே வண்டியை நிறுத்துக. நெடுவழி ஓடி நின்றவுடன் எஞ்சினை அணைக்காது ஒரு நிமிடம் மெல்ல ஓடவிடுதல் டர்போவின் ஆயுளைக் காக்கும். பில்டரை எண்ணெயோடு சேர்த்தே மாற்றுக.

போலி எண்ணெயின் தொல்லையும் உண்டு. நல்ல நிறுவனங்களின் வெற்றுக் கேன்களை வாங்கி, இழிந்த எண்ணெயை நிரப்பி விற்போர் உளர். ஆகையால் ஆயில் மாற்றியபின் வெற்றுக் கேனை ஆணியால் துளைத்துவிடுதல் நலம். வடித்த பழைய எண்ணெயைச் சிலர் கரையான் அணுகாதிருக்கக் கதவுகட்குப் பூசுகின்றனர். எஞ்சியதை ஓரத்து வாய்க்காலில் ஊற்றுகின்றனர். அவ்வாய்க்கால் ஏரிக்குப் போகின்றது; ஏரியின் ஊற்றே கிணற்றுக்கு வருகின்றது. 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயக் கழிவாகும். 2024 ஏப்ரல் முதல் அதனைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிக்கச் செய்யும் பொறுப்பு எண்ணெய் செய்வோர் மீதும் சுமத்தப்பட்டுள்ளது. வண்டிக்காரர் செய்ய வேண்டுவது, அதனைத் தனிக் கேனில் மூடிவைத்து, அங்கீகாரம் பெற்றவர்க்கு எண்ணெய் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பிற் சேர்ப்பிப்பதே.