வேலையிடத்தில் காருக்கு இலவச இடம்: யாருடைய செலவில்?

2018 ஆகஸ்ட் 1ஆம் தேதி சிங்கப்பூரின் பள்ளிகளில் ஒரு புதிய விதி நடப்புக்கு வந்தது. ஆசிரியர்கள் தாங்கள் வேலை செய்யும் பள்ளி வளாகத்துக்குள் காரை நிறுத்த இனிமேல் கட்டணம் செலுத்த வேண்டும். திறந்தவெளி இடத்துக்கு ஆண்டுக்கு 720 வெள்ளி, கூரையுள்ள இடத்துக்கு 960 வெள்ளி என்று அறிவித்தார்கள். பள்ளி விடுமுறைக் காலத்தைக் கழித்துப் போட்ட கணக்கு அது. அதே ஆண்டு மார்ச்சில் கல்வி அமைச்சு இதைச் சொன்னபோது ஆசிரியர்களுக்கு ஏற்பட்ட மனத்தாங்கல் சிறியதல்ல. இரவு வெகுநேரம் வரை தாள் திருத்துகிறவர்கள், சனிக்கிழமையிலும் இணைப்பாட நடவடிக்கைகளுக்கு வந்து நிற்கிறவர்கள், சொந்தப் பணத்தில் வகுப்புக்குப் பொருள் வாங்குகிறவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் கார் நிறுத்தும் இடத்துக்கு வாடகை கேட்பதா என்று பெற்றோரும் பழைய மாணவர்களும் கூடக் கேட்டார்கள். அந்த வருத்தம் உண்மையானது. ஆனால் கட்டணம் வேண்டும் என்ற முடிவு சரியானது என்பதும், அதை வசூலிக்கத் தேர்ந்தெடுத்த முறைதான் தவறானது என்பதும் என் கருத்து.

முதலில் முடிவைப் பார்ப்போம். இதன் தொடக்கம் தலைமைக் கணக்காய்வாளரின் 2015ஆம் ஆண்டு அறிக்கை. கல்வி நிலையங்கள் சில ஊழியர்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்துக்கோ கார் நிறுத்த இடம் கொடுப்பது மறைமுக மானியத்துக்குச் சமம் என்று அது சுட்டிக்காட்டியது. இந்த நாட்டின் அரசுப் பணியில் 1994ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை முதல் வழக்கத்தில் இருக்கும் கொள்கை ஒன்று உண்டு: ஊழியருக்குத் தருவது எல்லாம் சம்பளத்தில் வெளிப்படையாகத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் தெரியாத சலுகைகள் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஓர் ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த மேசைகளில் இருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே தகுதி, ஒரே சம்பளம், ஒரே பாடவேளை. ஒருவர் காரில் வருகிறார், மற்றவர் பேருந்திலும் ரயிலிலும் வருகிறார். இலவச இடம் இருந்த காலத்தில் முதலாமவருக்கு ஆண்டுக்கு 720 வெள்ளி பெறுமானமுள்ள ஒன்றைப் பள்ளி கொடுத்துவந்தது. இரண்டாமவருக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆசிரியர்களின் தியாகத்துக்கான மரியாதை இது என்றால், பேருந்தில் வந்தவரின் தியாகத்துக்கு என்ன மரியாதை கிடைத்தது? சிங்கப்பூரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பத்திடம்தான் கார் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இலவசக் கார் இடம் என்பது கையில் கூடுதலாகப் பணம் இருப்பவருக்குப் போய்ச் சேரும் உதவி என்பது தெளிவாகும்.

இடத்தின் மதிப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு கார் நிறுத்தக் கட்டத்தின் வழக்கமான அளவு 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். கார் வந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால் ஒரு காருக்கு அதைப்போல் இரு மடங்கு இடம் போய்விடுகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய ஈரறை ஃபிளெக்ஸி வீடுகளில் சிறியது 36 சதுர மீட்டர். ஒரு முதியவரோ மூத்த தம்பதியோ வாழ்நாளின் கடைசிக் காலத்தைக் கழிக்கும் வீட்டின் அளவு, இரண்டு கார்கள் பகல் முழுவதும் சும்மா நிற்கத் தேவைப்படும் இடத்தைவிடக் குறைவாக இருக்கிறது. ஏற்கெனவே தீவின் நிலத்தில் சுமார் 12 சதவீதம் சாலைகளுக்கும், 14 சதவீதம் குடியிருப்புகளுக்கும் போகிறது. இத்தகைய ஊரில் எந்த இடமும் விலையில்லாதது ஆகாது. பணம் கட்டுபவர் யார் என்பது மட்டுமே கேள்வி. காரில் வருபவர் கட்டாவிட்டால் நிறுவனம் கட்டும். நிறுவனம் அதைப் பொருள்களின் விலையிலோ மற்ற ஊழியர்களின் சம்பளத்திலோ எடுத்துக்கொள்ளும்.

இலவச இடம் இல்லாமலும் ஒரு வட்டாரம் இயங்கும் என்பதற்குத் தேக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் கார் பெருகுவதற்கு முன்னால் எழுந்தவை. டன்லப் ஸ்திரீட்டிலும் கேம்பல் லேனிலும் அப்பர் டிக்சன் சாலையிலும் கடைக்குப் பின்னால் ஊழியருக்கென்று கார் கொட்டகை கிடையாது. பூக்கட்டுபவர்கள், நகைக்கடை விற்பனையாளர்கள், உணவகப் பணியாளர்கள் எனப் பெரும்பாலோர் ரயிலிலும் பேருந்திலும்தான் வருகிறார்கள். 2003இல் வடகிழக்கு வழித்தடமும் 2015இல் டௌன்டவுன் வழித்தடமும் லிட்டில் இந்தியா நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. சற்றுத் தள்ளி, பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் ஃபேரர் பார்க் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம். தீவிலேயே நெரிசல் மிகுந்த வணிக வட்டாரங்களில் ஒன்று, ஊழியருக்கு இலவசக் கார் இடம் இல்லாமலேயே நூற்றாண்டுக்கு மேல் நடந்துவருகிறது. நகரின் வேறு பகுதிகளில் கண்ணாடிக் கோபுரங்களில் வேலை பார்க்கும் மேலாளருக்கு நிறுவனமே கார் நிறுத்த மாதச் சீட்டு எடுத்துக் கொடுக்கும்போது, இங்கே மாவு அரைப்பவருக்கு யாரும் பயணச்செலவு தருவதில்லை. இன்னொரு படி கீழே இறங்கினால், வெளிநாட்டு ஊழியர்களை லாரியின் பின்தட்டில் உட்கார வைத்து வேலைக்கு அழைத்துச் செல்வதைச் சட்டம் இன்னும் அனுமதிக்கிறது. அதிகாரியின் காருக்கு நிழல் தேடிக் கொடுக்கும் நிறுவனமே கட்டுமானத் தொழிலாளியை லாரித் தட்டில் ஏற்றினால், அந்த வேறுபாடு என் மனத்தை உறுத்துகிறது. வேலைக்கு வந்து சேரும் வழிக்கு ஒரு நிறுவனம் செலவு செய்ய முன்வந்தால், முதல் வெள்ளி அந்தத் தொழிலாளிக்குப் பாதுகாப்பான பேருந்து இருக்கைக்குப் போக வேண்டும்.

இனி வசூலிக்கும் முறைக்கு வருவோம். ஆண்டுக்கு 720 வெள்ளி என்ற பருவச் சீட்டை வாங்கிய ஆசிரியர் அடுத்த நாள் காலையில் என்ன செய்வார்? காரில்தான் வருவார். பணம் ஏற்கெனவே போய்விட்டது; ரயிலில் வந்தால் பயணக் கட்டணம் கூடுதல் செலவாகிவிடும். ஒவ்வொரு நாளும் காரை எடுக்கத் தூண்டும் ஏற்பாடாகவே பருவச் சீட்டு அமைந்துவிடுகிறது. நமது பள்ளி ஆண்டு நான்கு தவணை, தவணைக்குப் பத்து வாரம்; அதாவது சுமார் 200 நாள். 720 வெள்ளியை வகுத்தால் நாளுக்கு 3 வெள்ளி 60 காசு. அதே தொகையை வந்த நாளுக்கு மட்டும் பிடித்தால், வாரத்தில் ஒருநாள் காரை வீட்டில் விட்டு வருபவருக்கு ஆண்டுக்கு 144 வெள்ளி மிச்சமாகும். மழை நாளிலும், கட்டுக்கட்டாகப் பயிற்சிப் புத்தகங்களைச் சுமக்கும் நாளிலும் கார். மற்ற நாளில் ரயில். ஆசிரியர் கையில் தெரிவு இருக்கும், அதற்கான பலனும் அவருக்கே கிடைக்கும்.

இந்தப் பாடத்தை சிங்கப்பூர் சாலையில் கற்று முடித்து வெகுநாளாகிறது என்பதுதான் எனக்கு வியப்பு. 1975 ஜூன் 2ஆம் தேதி நகர மையத்துக்குள் காலை நேரத்தில் கார் நுழைய உரிமச் சீட்டு கட்டாயமானது. நாளுக்கு 3 வெள்ளி, மாதத்துக்கு 60 வெள்ளி. உலகத்துக்கே முன்னோடியான திட்டம் அது. காலை நெரிசல் உடனே பெருமளவு குறைந்தது. ஆனால் சீட்டு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஒரு நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் நுழையலாம் என்பது அதன் குறை. 1998இல் மின்னியல் சாலைக் கட்டணம், அதாவது இஆர்பி, வந்தபோது ஒவ்வொரு முறை வளைவைக் கடக்கும்போதும் பணம் கழிந்தது. பலருக்குக் கட்டணம் முன்பைவிடக் குறைவாக இருந்தும் நகர மையத்தில் வாகனப் போக்குவரத்து பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை குறைந்தது. மொத்தமாக வாங்கும் தொகையைவிட, ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்கச் செய்யும் சிறு தொகை மனிதரின் பழக்கத்தை அதிகமாக மாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. சாலையில் கைவிட்ட முறையை நாம் கார் நிறுத்துமிடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

வாகன உரிமைச் சான்றிதழுக்கு இவ்வளவு கொட்டிக் கொடுத்தவரிடம் மேலும் கேட்பது நியாயமா என்ற எதிர்வாதம் பலமானது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் விலை 150,001 வெள்ளியைத் தொட்டது. சிறிய கார்களுக்கே 106,000 வெள்ளி. ஆனால் அந்த விலை பத்தாண்டு கார் வைத்திருக்கும் உரிமைக்கு. அந்தக் கார் ஒவ்வொரு பகலிலும் ஒரு நிலத்தில் நிற்பதற்கு அல்ல. மேலும், முன்பணமாக இவ்வளவு கொடுத்தவர் அதைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. 2014ஆம் ஆண்டின் கணக்குப்படி ஒரு தனியார் கார் சராசரியாக ஓராண்டில் 17,500 கிலோமீட்டர் ஓடியது. கிழக்கிலிருந்து மேற்குவரை 50 கிலோமீட்டர் கூட இல்லாத தீவில் இது மிகப் பெரிய தூரம். உரிமைக்கு அதிகமாகவும் பயன்பாட்டுக்குக் குறைவாகவும் வாங்கினால் இப்படித்தான் நடக்கும். சான்றிதழ் விலைமீது கோபம் இருப்பவர்கள், சுமையை வைத்திருத்தலிலிருந்து பயன்பாட்டுக்கு நகர்த்தும்படி கேட்பதே பொருத்தம்.

பக்கத்துத் தெருவுக்குச் சுமை போய்ச் சேரும் என்கிறார்கள். வளாகத்துக்குள் கட்டணம் வைத்தால் கார்கள் அருகிலுள்ள வீவக பேட்டைக்கு நகரும். உண்மைதான், ஆனால் அங்கும் இலவசம் இல்லை. நகர மையத்துக்கு வெளியே அரை மணி நேரத்துக்கு 60 காசு. நாள் முழுவதும் நிறுத்தினால் அதுவே பல வெள்ளியாகும். இரவுப் பணி முடித்து ரயில் ஓடாத நேரத்தில் வீடு திரும்பும் தாதியருக்கும், உடற்குறையுள்ளோருக்கும் விலக்கு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அவர்களுக்கு உதவித்தொகையாக வெளிப்படையாகக் கொடுங்கள். அவர்கள் பெயரைச் சொல்லி எல்லாக் கார்களுக்கும் இடத்தை இலவசமாக்குவதில் நியாயம் இல்லை. சரக்கு இறக்கும் வேன்கள் வேறு கணக்கு. அவை வேலைக்கு வரும் பயணம் ஆகாது.

வெளியூர் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரம் 2012 முதல், பதினொன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் இடங்கள் வைத்திருக்கும் நிறுவனங்களிடம் ஒவ்வோர் இடத்துக்கும் ஆண்டுக் கட்டணம் வாங்குகிறது. அந்தப் பணம் டிராம் பாதைகளை நீட்டிக்க உதவியது. பணம் எங்கே போனது என்பதை மக்கள் தண்டவாளத்திலேயே பார்த்தார்கள். கலிஃபோர்னியாவில் 1992இல் வந்த சட்டம், ஊழியருக்காகக் கார் இடத்தை வாடகைக்கு எடுக்கும் குறிப்பிட்ட நிறுவனங்கள் அந்த இடம் வேண்டாம் என்பவருக்கு அதே தொகையைப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்றது. பேராசிரியர் டொனால்ட் ஷூப் எட்டு நிறுவனங்களில் ஆராய்ந்தபோது, தனியாகக் கார் ஓட்டி வந்தவர்கள் 76 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். யாரையும் தண்டிக்காமல், யாருடைய சலுகையையும் பறிக்காமல் கிடைத்த விளைவு அது.

நமது ஆசிரியர்களின் மனத்தாங்கலுக்கு மருந்து கலிஃபோர்னியாவின் இந்த வழியில் இருக்கிறது. 2018இல் அவர்கள் கண்டது பறிப்பை மட்டுமே. பதிலுக்கு எதுவும் வரவில்லை. எல்லா ஆசிரியர்களுக்கும், காரில் வந்தாலும் பேருந்தில் வந்தாலும், ஒரே அளவு பயணப்படி தந்துவிட்டு, அதன் பிறகு காருக்கு நாள் கட்டணம் கேட்டிருந்தால் மரியாதைக் குறைவு என்ற பேச்சே எழுந்திருக்காது. கல்வி அமைச்சு இப்போதும் அதைச் செய்யலாம். பருவச் சீட்டை நாள் கட்டணமாக மாற்றுங்கள். வசூலாகும் தொகையை அந்தந்தப் பள்ளி ஊழியர் அனைவருக்கும் பயணப்படியாகத் திருப்பிக் கொடுங்கள். கோபுரங்களில் இயங்கும் தனியார் நிறுவனங்களும் மேலாளருக்கு எடுத்துக் கொடுக்கும் மாதச் சீட்டின் விலையை ரொக்கமாகப் பெற்றுக்கொள்ளும் தெரிவை அவருக்குத் தரட்டும், அதே படியைக் கீழ்நிலை ஊழியருக்கும் கொடுக்கட்டும்.